ஃபோர் பை ஃபோர் வண்டியில் ஒரு டயர் மட்டும் புதிதாகப் போடலாமா?

எனக்கு வந்த கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். வண்டி 2021 மாடல் மஹிந்திரா தார், டீசல், ஃபோர் பை ஃபோர். ஓடியது 34,000 கிலோமீட்டர். கொல்லிமலையில் இறங்கும்போது பின் இடது டயரின் சைடுவால் (பக்கச் சுவர்) கல்லில் கிழிந்துவிட்டது. மீதி மூன்றில் முன் இரண்டுக்கும் 6 மி.மீ. பட்டன் (தரையைத் தொடும் ரப்பரின் பள்ள ஆழம்) இருக்கிறது, பின் வலதுக்கு 5 மி.மீ. ஸ்டெப்னி வண்டி வாங்கிய நாளிலிருந்து தரையைத் தொட்டதில்லை, 10 மி.மீ. காட்டுகிறது. டயர் கடைக்காரர் நாலையும் மாற்றச் சொல்கிறார். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் "ஒண்ணு மட்டும் போட்டு ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார். நண்பர் ஒருவர் அப்படி ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) போய்விடும் என்று பயமுறுத்துகிறார். யார் பேச்சைக் கேட்பது?

நண்பர் சொல்வது வேறு வகை வண்டிக்குப் பொருந்தும். கடைக்காரர் சொல்வதில் தப்பில்லை, ஆனால் மூன்று டயர் காசு அதிகம். மெக்கானிக் சொல்வதைப் பாதி மட்டும் கேளுங்கள்: நீங்கள் வாங்க வேண்டியது ஒரே ஒரு டயர்தான், ஆனால் அதைக் கிழிந்த டயர் இருந்த இடத்தில் மாட்டிவிட்டு அப்படியே கிளம்பக் கூடாது. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். ஏனென்றால் இதே கேள்வியை டஸ்டர் மாதிரி ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர் கேட்டால் என் பதில் வேறு.

முதலில் கணக்கு. உங்கள் டயர் அளவு 255/65 ஆர்18. புதிதாக இருக்கும்போது அதன் விட்டம் சுமார் 789 மி.மீ., சுற்றளவு 2,478 மி.மீ. பட்டன் 5 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 10 மி.மீ. போய்விடும், சுற்றளவில் 31 மி.மீ. குறையும். ஒரு கிலோமீட்டர் போக புது டயர் சுமார் 404 முறை சுற்றும் என்றால், தேய்ந்தது 409 முறை சுற்றியாக வேண்டும். வண்டியின் பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்குவதால் உண்மையான எண்ணிக்கை சற்று மாறும், ஆனால் வித்தியாசம் ஏறக்குறைய இதேதான். கிலோமீட்டருக்கு ஐந்து சுற்று என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ஐம்பது கிலோமீட்டர் போனால் 250 சுற்றைத் தாண்டிவிடும். அந்த உபரிச் சுற்று எங்கோ போய்ச் சேர வேண்டும். எங்கே போகிறது என்பதுதான் முழு விஷயமும்.

ஒரே ஆக்சிலில் இடது வலது டயர்களுக்குள் வித்தியாசம் இருந்தால், அது அந்த ஆக்சிலின் டிஃபரென்ஷியலுக்குள், அதாவது இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டிக்குள் போகும். அதற்காகவே செய்யப்பட்ட பாகம் அது. கொண்டை ஊசி வளைவில் உள்பக்கச் சக்கரத்துக்கும் வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் இடையே இருபது சதவீதம் வரை வித்தியாசம் வந்தாலும் அமைதியாக வாங்கிக்கொள்ளும். ஆனால் வளைவு நாலு நொடியில் முடிந்துவிடும். நேர் சாலையில் டிஃபரென்ஷியலின் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் சும்மா இருக்க வேண்டியவை. ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசுமாக மாட்டினால், நாமக்கல்லில் கிளம்பி சென்னை போய்ச் சேரும்வரை அவை ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊருக்குத் திரும்பி வரும்வரை தாங்கும். அப்படியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுவதற்கு அவை செய்யப்படவில்லை. பிளேட் கிளட்ச் வைத்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் வகை) உள்ள வண்டியானால் இன்னும் மோசம், பிளேட்டுகள் தேய்ந்து ஹவுசிங் ஆயில் கருத்துவிடும்.

தாரின் சில வேரியன்ட்களில் பின் ஆக்சிலில் ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர் (ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் பாகம்) வருகிறது. "டயர் வித்தியாசத்தில் லாக்கர் ஓடும்போதே பிடித்துக்கொள்ளாதா?" என்று பலர் பயப்படுகிறார்கள். பிடிக்காது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் அது வேலை செய்யும். நீங்கள் 100 கி.மீ. வேகத்தில் போனாலும் 5 மி.மீ. பட்டன் வித்தியாசம் தருவது எட்டு, ஒன்பது சுற்றுதான். ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

உங்களுக்கு வேறு பயம்தான் இருக்க வேண்டும். மழையில் பிரேக் அடிக்கும்போது பின்னால் ஒரு பக்கம் 10 மி.மீ. பள்ளம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது, மறுபக்கம் 5 மி.மீ. திணறுகிறது. ஒரே ஆக்சிலில் இரு பக்கமும் ஒரே மாதிரி டயர் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு டிஃபரென்ஷியலைவிட இதுதான் முதல் காரணம்.

சரி, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால்? இங்கேதான் வண்டியின் ரகம் முக்கியம்.

தார், ஜிம்னி, ஜிப்ஸி, இப்போதைய ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோர் எல்லாம் பார்ட் டைம் ரகம். லீவரோ நாபோ டூ ஹெச்சில் (இரு சக்கர ஓட்டம்) இருக்கும்போது இன்ஜின் பின் சக்கரங்களை மட்டும்தான் தள்ளுகிறது. முன் சக்கரங்கள் தம்பாட்டுக்கு உருளும். முன்னும் பின்னும் எத்தனை சுற்று வித்தியாசப்பட்டாலும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஃபோர் ஹெச் (நாலு சக்கர ஓட்டம்) போட்டதும் கதை மாறுகிறது. முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் நடுவில் டிஃபரென்ஷியல் எதுவும் இல்லாமல் இறுக்கமாகப் பூட்டப்படுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும். சேற்றிலும் மணலிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஷாஃப்ட், யூ ஜாயின்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் எல்லாம் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டே போகும். எஸ்டேட் டிரைவர்களுக்கு இது நன்றாகப் பழக்கம். மேலே சேற்றில் ஃபோர் ஹெச் போட்டு ஏறிவிட்டு, அப்படியே கீழே தார் ரோட்டுக்கு வந்த பிறகு லீவர் டூ ஹெச்சுக்கு வர மறுக்கும். நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு 'டக்' என்று கழன்று வரும்.

இதில் பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. நாலு டயரும் புத்தம் புதுசாக, ஒரே பேட்சாக இருந்தாலும் ஃபோர் ஹெச்சில் வளைவு திரும்பினால் இதே முறுக்கு வரும். திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. தாரின் வீல்பேஸ் 2,450 மி.மீ. எட்டு மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் முன் ஆக்சில் பின் ஆக்சிலைவிட நாலரை சதவீதம் அதிக தூரம் போகிறது. 5 மி.மீ. பட்டன் வித்தியாசம் தருவது ஒன்றேகால் சதவீதம். அதாவது டயரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர், காய்ந்த ரோட்டில் ஃபோர் ஹெச் போட்டபடி கொல்லிமலையின் எழுபது வளைவையும் ஏறினால், தேய்ந்த டயரைவிடப் பல மடங்கு சேதத்தைத் தானே செய்துகொள்கிறார். "மலை ஏறும்போது ஃபோர் வீல் போட்டால் பிடிப்பு நல்லா இருக்கும்" என்று சொல்லும் டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மழை கொட்டும்போது சரி. வெயிலில் வேண்டாம்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரில் முன் சக்கரம் பின்னதைவிடச் சில சதவீதம் வேகமாக இழுக்கும்படியே கியர் விகிதம் அமைத்திருப்பார்கள், வயலில் அது முன்பக்கத்தை இழுத்துக்கொண்டு போக உதவும். அதே டிராக்டரை டிரெய்லர் மாட்டி ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டபடியே ஓட்டினால் முன் டயர் சீக்கிரமே மொட்டையாகிவிடும்.

இப்போது நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் பயம் நியாயமானது, ஆனால் அது ஆல் வீல் டிரைவ் கார்களுக்குரியது. பழைய டஸ்டர் ஏடபிள்யூடி, எக்ஸ்யூவி700 ஏடபிள்யூடி, காம்பஸ் ஃபோர் பை ஃபோர், கோடியாக் போன்றவற்றில் முன் சக்கரங்களை இன்ஜின் எப்போதும் தள்ளும், பின் சக்கரங்களுக்கு, நடுவில் உள்ள ஒரு கிளட்ச் கப்ளிங் வழியாகத் தேவைப்படும்போது சக்தி போகும். எப்போது தேவை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அது பார்ப்பவற்றில் முக்கியமானது சக்கரங்களில் இருக்கும் ஏபிஎஸ் சென்சார் சொல்லும் வேகம். முன் டயர் தேய்ந்து பின் டயர் புதுசாக இருந்தால், முன் சக்கரம் எப்போதும் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். கம்ப்யூட்டர் கண்ணுக்கு அது முன் சக்கரம் வழுக்குவது போலத்தான் தெரியும். சின்ன வித்தியாசத்தை அது கற்றுக்கொண்டு விட்டுவிடும். வித்தியாசம் பெரிதானால் நாற்கரச் சாலையில் நேராகப் போகும்போதும் கிளட்சைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கிளட்ச் சூடேறும், ஆயில் கெடும், ஒருநாள் மீட்டரில் எச்சரிக்கை வந்து கப்ளிங் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அந்தக் கப்ளிங்கை மாற்றும் செலவோடு பார்த்தால் நாலு டயர் மலிவு.

நிரந்தர ஆல் வீல் டிரைவ் வண்டிகளில் இதற்குப் பெயர்போனது சுபாரு. நாலு டயரின் சுற்றளவும் ஒன்றுக்கொன்று கால் அங்குலத்துக்குள், அதாவது 6 மி.மீ. சொச்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பட்டனில் கணக்குப் போட்டால் அது ஒரே ஒரு மில்லிமீட்டர். பழைய லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் நடுவில் இருந்த விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான திரவத்தால் சக்தியைக் கடத்தும் இணைப்பு) பொருந்தாத டயர்களால் கெட்டு, முன்னால் இருக்கும் கியர் பெட்டியையும் சேர்த்து உடைத்த கதைகளை அதன் சொந்தக்காரர்கள் எல்லா நாட்டிலும் சொல்வார்கள். உங்கள் நண்பர் இப்படி எதையோ கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார் என்று நினைக்கிறேன்.

ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர் உங்கள் நிலைமையில் மாட்டினால் நான் சொல்வது: வித்தியாசம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் நாலையும் மாற்றுங்கள், அல்லது அதே அளவு தேய்ந்த அதே டயரைத் தேடிப் பிடியுங்கள். மேனுவலில் இதைவிடக் கறாரான அளவு சொல்லியிருந்தால் அதுதான் சட்டம். அதுவரை டஸ்டர் மாதிரி டூ வீல் நாப் இருந்தால் அதில் வைத்து ஓட்டுங்கள். பல வண்டிகளில் அந்த வசதி கிடையாது, அவற்றில் நாள் கடத்தாமல் மாற்றுவதுதான் வழி.

உங்கள் தாருக்கு வருவோம். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: தொடாத ஸ்டெப்னி. அது 10 மி.மீ. உள்ள டயர். கடைக்குப் போய் அதே கம்பெனி, அதே பேட்டர்ன், அதே அளவில் ஒன்று வாங்குங்கள். புதுசையும் ஸ்டெப்னியையும் ஜோடியாகப் பின்னால் மாட்டுங்கள். முன்னால் இருக்கும் 6 மி.மீ. ஜோடி அங்கேயே இருக்கட்டும். பின் வலதில் இருந்த 5 மி.மீ. டயர் ஸ்டெப்னியாகக் கதவுக்குப் போகட்டும். இரண்டு ஆக்சிலிலும் இடம் வலம் சமம். நல்ல ஜோடி பின்னால் இருப்பதால் மழையில் வண்டியின் பின்பக்கம் சுழன்று வராது. முன்னுக்கும் பின்னுக்கும் 4 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது, சுற்றளவில் ஒரு சதவீதம். டூ ஹெச்சில் அது ஒன்றும் செய்யாது, சேற்றில் ஃபோர் ஹெச் போட்டாலும் ஒன்றும் செய்யாது. காய்ந்த தார் ரோட்டில் மட்டும் ஃபோர் ஹெச் கூடாது, அது எப்படியும் கூடாததுதான்.

கடைக்குப் போகும் முன் ஸ்டெப்னியின் வயதைப் பாருங்கள். சைடுவாலில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1421 என்றால் 2021ஆம் வருடத்தின் பதினான்காவது வாரம். வெயிலில் கதவோடு தொங்கிய டயர் ஓடாமலேயே கெடும். ஆறு வருடம் தாண்டியிருந்தாலோ, சைடுவாலை விரலால் அழுத்தும்போது மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ அதை ஸ்டெப்னியாகவே விட்டுவிட்டு இரண்டு புதுசு வாங்குங்கள்.

"பின் டயர் சீக்கிரம் தேயும், கொஞ்ச நாளில் முன்னோடு சமமாகிவிடும்" என்று கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியை வைத்துப் பார்த்தால் 34,000 கிலோமீட்டரில் பின்னால் 5 மி.மீ., முன்னால் 4 மி.மீ. தேய்ந்திருக்கிறது. இந்த வேகத்தில் இன்னும் 25,000 ஓடினால் முன் ஜோடி 3 மி.மீ.க்கு வந்துவிடும், பின் ஜோடி 6 மி.மீ. சொச்சத்தில் நிற்கும். அப்போது இரண்டு புதுசு வாங்கிப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னால் கொண்டுவர வேண்டும். ஆக இனிமேல் நீங்கள் ஜோடி ஜோடியாக டயர் வாங்கும் ஆள். ஐந்தும் ஒன்றாகத் தேய்வதுபோல ஓட்டும் முறைக்குத் திரும்ப வேண்டுமானால் ஒருமுறை மொத்தமாக மாற்றித்தான் ஆக வேண்டும். லடாக், ஸ்பிதி பக்கம் போகிறவர்கள், பனியும் ஈர ரோடும் மாறி மாறி வரும் இடத்தில் ஃபோர் ஹெச்சை மணிக்கணக்கில் போட்டு ஓட்டுபவர்கள், இப்போதே நாலையும் மாற்றட்டும். அவர்களுக்குக் கடைக்காரர் சொல்வதுதான் சரி.

இன்னொரு வழியும் இருக்கிறது, தார்காரர்களுக்கும் ஜிம்னிக்காரர்களுக்கும் மட்டும் எளிதாகக் கிடைப்பது. புது வண்டி எடுத்த கையோடு கம்பெனி டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய ஆல் டெரெய்ன் டயர் போடும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கழற்றிய டயர்கள் ஓஎல்எக்ஸிலும், தார் கிளப் வாட்ஸ்அப் குழுக்களிலும், சென்னையில் புதுப்பேட்டை மாதிரி இடங்களிலும் விற்பனைக்கு வரும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இருக்கும், முப்பதாயிரம் ஓடியதும் இருக்கும். அதே பேட்டர்னில் 5 மி.மீ. உள்ள ஒன்று கிடைத்தால் அதைப் பின் இடதில் போட்டு, ஸ்டெப்னியைத் தொடாமலே விடலாம். நாலும் 5, 6 மி.மீ.க்குள் வந்துவிடும், செலவும் குறைவு. ஆல் வீல் டிரைவ்காரர்களுக்கும் நான் இதைத்தான் முதலில் தேடச் சொல்வேன். ஆனால் வாங்கும் முன் ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். காற்று இல்லாமல் ஓட்டிய டயர் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே சைடுவாலைச் சுற்றி ரப்பர் பொடிந்து கருவளையம் விழுந்திருக்கும். வெளிநாட்டில் புது டயரைச் செதுக்கிப் பழைய டயரின் அளவுக்குக் கொண்டுவரும் வேலையைக் காசுக்குச் செய்து தருகிறார்கள். நம் ஊர் ரீட்ரெடிங் பட்டறைகளில் இருக்கும் பஃபிங் இயந்திரத்தில் அதை முயற்சி செய்யலாமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம், அது லாரி டயரின் பழைய ரப்பரைச் சீவுவதற்கு வைத்திருப்பது.

வேறு கம்பெனி டயர் மலிவாக வருகிறது என்று கடைக்காரர் காட்டினால் கவனம். 255/65 ஆர்18 என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி விட்டம் சில மில்லிமீட்டர் மாறும். இரண்டும் புதுசாகவே இருந்தாலும் பாதி தேய்ந்ததும் புதுசும் போல வித்தியாசம் வரலாம். எழுத்தை நம்பாமல் அளந்து பார்ப்பதே நல்லது. நாலு டயரிலும் ஒரே காற்று, குளிர்ந்த நிலையில். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேர்கீழே தரையில் ஒரு கோடு. வண்டியை நேராகத் தள்ளி, டயர்க் கோடு மறுபடி கீழே வரும்போது தரையில் இன்னொரு கோடு. இடையே டேப் வைத்து அளங்கள். ஐந்து சுற்று உருட்டி ஐந்தால் வகுத்தால் கைப்பிழை குறையும். பட்டன் ஆழத்தை அளக்கும் கேஜ் ஆட்டோமொபைல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் வைத்துப் பாருங்கள்.

காற்றைக் கூட்டிக் குறைத்து டயர் வித்தியாசத்தைச் சரிக்கட்டலாம் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. ரேடியல் டயரில் அது பலிக்காது. பட்டனுக்கு அடியில் சுற்றியிருக்கும் ஸ்டீல் பெல்ட்டின் நீளம் மாறுவதில்லை, ஆகவே நாலைந்து பிஎஸ்ஐ குறைத்தாலும் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். டயர்தான் தேவையில்லாமல் கெடும்.

உங்கள் டயர் கல்லில் கிழிந்ததால் இந்தக் கேள்வி வந்தது. பலருக்கு ஒன்றும் கிழியாமலேயே நாலும் நாலு விதமாகத் தேய்ந்திருக்கும். அவர்கள் புது டயர் வாங்கும் முன் பழைய டயரைப் படித்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புதுசும் அதே வழியில் போகும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, இவை எல்லோருக்கும் தெரியும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் கேம்பர் (சக்கரம் செங்குத்தாக நிற்காமல் சாய்வது) அல்லது டோ (சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது). இரண்டையும் பிரித்தறிய உள்ளங்கை போதும். பட்டன் மேல் கையை உள்ளிருந்து வெளியே தடவுங்கள், பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த்திசையில் ரம்பம் மாதிரியும் கையில் பட்டால் டோ கெட்டிருக்கிறது. இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்து ஓரம் மட்டும் சரிந்திருந்தால் கேம்பர். ஆனால் மலை ரோட்டிலேயே ஓடும் வண்டியின் முன் டயர்கள் வெளி ஓரத்தில் கொஞ்சம் அதிகம் தேய்வது இயல்பு, அதற்கு அலைன்மென்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். டயரைச் சுற்றி விட்டு விட்டுக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் புஷ்ஷையும் பாருங்கள். பேலன்ஸிங் மட்டும் செய்துவிட்டு அனுப்பினால் ஏமாந்துவிட்டீர்கள்.

ஜிம்னியிலும் ஜிப்ஸியிலும் முன்னாலும் திட ஆக்சில். அவற்றில் அலைன்மென்ட் மெஷின் கேம்பர் தப்பு என்று சிவப்பில் காட்டினால், அங்கே திருப்பிச் சரிசெய்ய ஸ்க்ரூ எதுவும் கிடையாது. கிங் பின் பேரிங் ஆடுகிறதா, எப்போதாவது பள்ளத்தில் விழுந்து ஆக்சில் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், ஆகவே உயரம் கூட்டுகிறேன் என்று லிஃப்ட் கிட் போட்டவர்கள் அன்றே அலைன்மென்ட் பார்க்காவிட்டால் முன் டயர் ஓரமாகத் தேயத் தொடங்கும்.

இடது பக்க டயர்கள் அதிகம் அடி வாங்குவதையும் பார்த்திருப்பீர்கள். குறுகிய மலைச் சாலையில் எதிரே பஸ் வந்தால் நாம் இடதுபக்கம்தான் தார் ரோட்டை விட்டுச் சரளையில் இறங்குகிறோம். ரோட்டு விளிம்பு கத்தி மாதிரி நிற்கும் இடங்களில் மறுபடி ரோட்டில் ஏறும்போது சாய்வாக உரசிக்கொண்டு ஏறினால் சைடுவால் அறுபடும். வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடித்து ஏறினால் பட்டன் பகுதி அடியை வாங்கிக்கொள்ளும்.

அடுத்த முறை ஐந்தும் ஒன்றாக வாங்கினால், எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்துச் சுற்றுங்கள். ஸ்டெப்னி வலது பின்னுக்கு, வலது பின் வலது முன்னுக்கு, வலது முன் இடது பின்னுக்கு, இடது பின் இடது முன்னுக்கு, இடது முன் ஸ்டெப்னிக்கு. ஐந்து டயரும் ஒன்றுபோலத் தேயும், ஒன்று கிழிந்தாலும் கதவில் தொங்குவது மற்றதோடு பொருந்தும். அம்புக்குறி போட்ட ஒரு திசை டயர்களுக்கு இந்த முறை ஆகாது. ஸ்டெப்னி சின்ன அளவில் வரும் வண்டிகளுக்கும் ஆகாது. அவற்றில் அந்தச் சின்ன டயரை மாட்டினால் அடுத்த பஞ்சர் கடை வரை மட்டும்தான், மெதுவாக, ஃபோர் வீல் போடாமல்.

சட்டப்படி நாலு சக்கர வண்டிக்குப் பட்டன் 1.6 மி.மீ. இருந்தால் போதும், பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடுகள் அந்த அளவைத்தான் காட்டுகின்றன. ஐப்பசி மழையில் மலை ஏறுகிறவர் அதுவரை காத்திருக்க வேண்டாம், 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுவது என் வழக்கம்.

கடைசியாக, கிழிந்த டயரைப் பற்றி. சைடுவாலில் விழுந்த வெட்டுக்கு வல்கனைசிங் செய்து தருகிறேன் என்று சில கடைகளில் சொல்வார்கள். உள்ளே நூல் அறுந்திருந்தால் எந்த ஒட்டும் நிற்காது, வேகத்தில் வெடிக்கும். அதை வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு தொகை கழிப்பார்கள், கொடுத்துவிடுங்கள். புதுசை மாட்டும்போது வால்வும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பேலன்ஸிங் பின் ஜோடி இரண்டுக்கும் செய்யுங்கள். ஸ்டெப்னியில் இத்தனை வருடம் காற்று பார்த்திருக்க மாட்டீர்கள், அதையும்.